ஒரு கிழமையில் கோப்பை மூடிவிட்டார்கள்: பொலிஸுக்குக் காசு வெட்டியதுதான் காரணமா?

கேள்வி:

ஐயா, நாங்கள் வடமேற்கு லண்டனில் இருக்கிறோம். போன மாதம் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டு இரவு வந்து பார்த்தால், பின்பக்க யன்னலை நெம்பித் திறந்து உள்ளே புகுந்திருக்கிறார்கள். தாலிக்கொடியைப் போட்டுக்கொண்டு போனதால் அது தப்பியது. மாமியின் சங்கிலி, மகளின் சாமத்தியத்துக்குச் செய்த நகைகள் எல்லாம் போய்விட்டன. அடுத்த நாள் ஓர் இளம் பொலிஸ் பெண் வந்து எழுதிக்கொண்டு போனார். ஒரு கிழமையில், மேலே விசாரிக்க வழியில்லை, கோப்பை மூடுகிறோம் என்று மின்னஞ்சல் வந்தது. பக்கத்துப் பொலிஸ் நிலையக் கவுண்டரையும் மூடப்போகிறார்களாம். பொலிஸுக்குக் காசை வெட்டியதால் குற்றம் இரட்டிப்பாகிவிட்டது என்கிறது எங்கள் வீதி வாட்ஸ்அப் குழு. வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்துத் தனியார் காவலாளி ஒருவரை வைக்கப்போகிறார்கள். குற்றம் உண்மையில் குறைந்துதான் இருக்கிறது, எல்லாம் வீண் பயம் என்கிறார் என் அண்ணா. இவரோ வீட்டை விற்றுவிட்டு லண்டனை விட்டே போவோம் என்று நிற்கிறார். யார் சொல்வது சரி? நாங்கள் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் கேட்கிறேன். உடைத்த யன்னலைத் திருத்திவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒருமுறை உடைத்த வீட்டுக்கும் அதை ஒட்டிய வீடுகளுக்கும் அடுத்த சில கிழமைகளுக்குள் திரும்ப வருவது கள்ளர்களின் பழக்கம். எந்த வழியால் போவது, எது எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. காப்புறுதிக் காசில் புதுச் சாமான் வந்திருக்கும் என்ற கணக்கும் உண்டு. ஆகவே பூட்டு முதல், அரசியல் பிறகு.

நான் சீருடை போட்டவன் அல்ல. இங்கிலாந்தின் பொலிஸ் படை ஒன்றில் குற்றத் தரவுகளை ஆராயும் வேலை செய்தவன். வெட்டு வந்த காலத்தில் உள்ளே இருந்து பார்த்ததையும் வெளியே பதிவானதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள் அண்ணா சொல்வதில் பாதி சரி. 2010 ஒக்டோபரில் நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன், பொலிஸுக்கு மத்திய அரசு கொடுக்கும் பணத்தை நான்கு ஆண்டுகளில் 20 வீதம் குறைப்பதாக அறிவித்தார். அப்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறத்தாழ 1,44,000 பொலிஸ் அதிகாரிகள் இருந்தார்கள். 2018 வரும்போது அது 1,22,000 அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் இந்த வெட்டின் முதல் நான்கு ஆண்டுகளில் நாட்டின் மொத்தக் குற்றம் குறைந்துகொண்டே போனது. இது பொலிஸ் எழுதிவைத்த கணக்கு அல்ல. வீடு வீடாகப் போய் "உங்களுக்கு என்ன நடந்தது" என்று கேட்கும் குற்றக் கணக்கெடுப்பு சொல்வது. வீடு உடைப்பது 1990களின் நடுவில் இருந்த அளவில் பாதிக்கும் கீழே போய்விட்டது. பூட்டுகளும் யன்னல்களும் நல்லதாக வந்தன. களவெடுத்த டிவியை யாரும் வாங்குவதில்லை. காரைச் சாவி இல்லாமல் கிளப்புவதும் கடினமாகிவிட்டது. உள்துறை அமைச்சராக இருந்த தெரேசா மே 2015 இல் பொலிஸ் சம்மேளன மாநாட்டில், வெட்டினால் ஆபத்து என்று பொய்க் கூச்சல் போடுவதை நிறுத்துங்கள் என்கிற தொனியில் பேசினார். அந்த ஆண்டின் கணக்கை வைத்துப் பார்த்தால் அவருக்கு அப்படிப் பேச இடம் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகள் அந்த இடத்தை அவருக்குக் கொடுக்கவில்லை. 2014 அளவில் இருந்து கத்திக்குத்து ஏறத் தொடங்கியது. 2018 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் கத்தியால் கொல்லப்பட்டவர்கள் 285 பேர். 1946 இல் அந்தக் கணக்கு எழுதத் தொடங்கியதில் இருந்து அதுவரை கண்டிராத எண்ணிக்கை. 2019 இல், சில குற்றங்களுக்கும் பொலிஸ் எண்ணிக்கைக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று பிரதமராக இருந்து சொன்னவரும் அதே மே அம்மையார்தான். லண்டன் பொலிஸின் தலைவர் கிரெசிடா டிக் அதே நாட்களில், ஏதோ தொடர்பு இருக்கத்தான் வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். எனக்கு டிக் சொன்னதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் பொலிஸ் வெட்டு மட்டும் தனியாக நின்று அதைச் செய்யவில்லை. போதைப்பொருள் வியாபாரம் மாறியது, வீதியில் மறித்துச் சோதிப்பது குறைந்தது, உள்ளூர்க் கவுன்சில்கள் அதே ஆண்டுகளில் இளைஞர் மன்றங்களையும் மூடின. லண்டனில் 2010க்கும் 2019க்கும் இடையில் இளைஞர் மன்றங்களில் மூன்றில் ஒன்றுக்குக் கிட்ட மூடப்பட்டன. மன்றத்தை இழந்த பகுதிப் பிள்ளைகள் குற்றத்தில் இறங்குவது கூடியதாகப் பின்னர் செய்த ஆய்வும் இருக்கிறது. அதற்கான செலவு பொலிஸ் வரவுசெலவில் வராது, ஆனால் வேலை பொலிஸின் தலையில்தான் விழுகிறது.

இனி வாட்ஸ்அப் குழு. "இரட்டிப்பாகிவிட்டது" என்பதை எந்தக் கணக்கில் இருந்து எடுத்தார்கள் என்று ஒருக்கால் கேளுங்கள். பொலிஸ் பதிவுக் கணக்காக இருந்தால் அதில் ஒரு சிக்கல் உண்டு. 2014 இல் பொலிஸ் கண்காணிப்பு ஆணையம் பார்த்தபோது, மக்கள் வந்து சொன்ன குற்றங்களில் ஐந்தில் ஒன்றுக்குக் கிட்ட, அதாவது 19 வீதம், எழுதப்படவே இல்லை என்று தெரிந்தது. அதன்பின் படைகள் ஒழுங்காக எழுதத் தொடங்கின, எண்ணிக்கை தானாக ஏறியது. ஏறியதில் எவ்வளவு குற்றம், எவ்வளவு எழுத்து என்று பிரித்துப் பார்க்காமல் அந்தக் கணக்கைக் கையில் எடுக்கக் கூடாது.

ஆனாலும் உங்கள் குழுவினர் மனதில் படுவது வெறும் கற்பனை அல்ல. அவர்கள் கள்ளர் கூடியதை உணரவில்லை. கள்ளரைத் தேடுவது குறைந்ததை உணர்கிறார்கள். காசை வெட்டினால் பொலிஸில் முதலில் போவது இந்தத் தேடும் வேலைதான், அது ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு படையின் செலவில் பெரும்பகுதி சம்பளம். ஆகவே காசு குறைந்தால் ஆட்களைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் இங்கிலாந்தில் சத்தியப்பிரமாணம் எடுத்த பொலிஸ் அதிகாரியை, கொம்பனி ஆட்குறைப்புச் செய்வதுபோல வீட்டுக்கு அனுப்ப முடியாது. அவர் சட்டப்படி ஊழியர் அல்ல, அரச முடியின் கீழ்ப் பதவி வகிப்பவர். எனவே படைகள் மூன்று வழிகளில் போயின. புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தின. சில படைகள் 30 ஆண்டு முடித்தவர்களைக் கட்டாயமாக ஓய்வில் அனுப்பின. அதற்காக நீதிமன்றம் வரைக்கும் இழுபட்டார்கள். மூன்றாவதாக, சீருடை இல்லாத ஊழியர்களையும் வீதியில் நடக்கும் சமூக உதவி அலுவலர்களையும் குறைத்தன. இந்தச் சமூக உதவி அலுவலர்கள் 2010 இல் 17,000க்குக் கிட்ட இருந்தார்கள், 2018 இல் 10,000 அளவுக்கு வந்துவிட்டார்கள். சீருடை இல்லாத ஊழியர் என்றால் யார்? கைரேகை எடுப்பவர், கமராப் பதிவைத் தேடி எடுப்பவர், கோப்பு கட்டுபவர், என்னைப் போலக் கணக்குப் பார்ப்பவர். இவர்கள் போனதும் அந்த வேலை அதிகாரிகளின் மேசைக்கு வந்தது. இது போதாதென்று அரசின் தடயவியல் சேவையையும் 2012 மார்ச்சில் இழுத்து மூடினார்கள்.

999க்கு வரும் அழைப்பை எந்தப் படையும் விட முடியாது. ஒருவர் இரத்தம் கொட்டிக் கிடக்கிறார் என்றால் போகத்தான் வேண்டும். ஆகவே வெட்டு விழுந்தது அவசரம் இல்லாத எல்லாவற்றிலும்: வீதியை அறிந்த ஆள், பழைய கள்ளன் சிறையில் இருந்து வெளியே வந்துவிட்டானா என்று பார்க்கிற ஆள், நகைக்கடைக்குப் போய் விசாரிக்கிற ஆள். 2017 இல் கண்காணிப்பு ஆணையமே டிடெக்டிவ்களின் பற்றாக்குறையைத் தேசிய நெருக்கடி என்றது. அடுத்த ஆண்டு தேசிய கணக்காய்வு அலுவலகம் வெளியிட்ட அறிக்கையில், ஆயிரம் பேருக்கு 17 ஆக இருந்த கைது 14 ஆகக் குறைந்ததும், ஒருவர்மீது குற்றம் சாட்ட 14 நாள் எடுத்தது 18 நாளானதும் இருக்கின்றன. பதிவான குற்றங்களில் யாராவது ஒருவர்மீது வழக்குப் போடப்பட்டது 2015 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் நூற்றுக்கு 15க்கு மேல். 2022 இல் அது 6க்கும் கீழ். இதில் ஒழுங்காக எழுதத் தொடங்கியதன் பங்கும் இருக்கிறது, முழுக்க வெட்டின் தலையில் போட முடியாது. ஆனாலும் உங்கள் கையில் இருக்கிற அந்த மின்னஞ்சலின் கதை பெரும்பாலும் இதுதான்.

"அதுதான் 20,000 பேரைத் திரும்ப எடுத்தார்களே" என்று அண்ணா கேட்கக்கூடும். எடுத்தார்கள். போரிஸ் ஜோன்சன் 2019 இல் அறிவித்து, 2023 மார்ச்சில் மொத்தம் 1,49,000ஐத் தாண்டிவிட்டது. 2010 ஐவிடக் கூட. ஆனால் போனவர்கள் இருபது, முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர்கள், வந்தவர்கள் புதியவர்கள். 2023 இல் மூன்றில் ஒருவருக்கும் மேல் ஐந்து ஆண்டு அனுபவம்கூட இல்லாதவர்கள். உங்கள் வீட்டுக்கு வந்த அந்தப் பிள்ளையும் அவர்களில் ஒருவராக இருக்கலாம், அவரிடம் கோபப்பட ஒன்றும் இல்லை. இன்னொரு வேடிக்கையும் நடந்தது. அதிகாரிகளின் தலை எண்ணிக்கை குறைந்தால் பணம் பிடிக்கப்படும் என்று அரசு விதி போட்டதால், அலுவலக வேலைக்கு ஊழியர் எடுப்பதற்குப் பதிலாக அதிகாரிகளையே கதிரையில் உட்காரவைத்த படைகளும் உண்டு. வெட்டினதைவிடத் திரும்பக் கொடுத்த விதம் எனக்கு இன்னும் எரிச்சல் தரும் விஷயம்.

அதற்குள் அடுத்த சுற்றும் வந்துவிட்டது. லண்டன் பொலிஸ் 2025 இல், 26 கோடி பவுண்ட்ஸ் துண்டு விழுகிறது என்று சொல்லி, அதிகாரிகளும் ஊழியர்களுமாக 1,700 பேர் குறைவார்கள் என்று அறிவித்தது. கவுண்டர் மூடுவதும் அந்த வழியில் வந்ததுதான், ஆனால் அது புதுக் கதை அல்ல. 2013 இல் 136 கவுண்டர்களில் அறுபதுக்கு மேல் போயின. 2017 இல் நகரபிதா சாதிக் கான் ஒரு பறோவுக்கு, அதாவது லண்டனின் ஓர் உள்ளூராட்சிப் பிரிவுக்கு, ஒன்று என்று குறைத்தார். கவுண்டருக்கு வந்து முறையிடுபவர்கள் நூற்றுக்கு 8 பேர்தான் என்று அப்போது காரணம் சொன்னார்கள். அந்த எட்டுப் பேர் யார் என்று யோசிக்க வேண்டும். உங்கள் மாமியைப் போல, இணையத்தில் படிவம் நிரப்பத் தெரியாத, ஆங்கிலத்தில் தொலைபேசியில் பேசத் தயங்குகிறவர்கள்தான். மாமிக்கு ஒன்று சொல்லிவையுங்கள்: அவசரம் இல்லாத விஷயங்களுக்கான பொலிஸ் எண் 101ஐ அடித்து "தமிழ்" என்றால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். காத்திருக்க வேண்டிவரும், வெட்கப்பட வேண்டியதில்லை.

வெட்டு எல்லோருக்கும் ஒரே அளவாக விழவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பொலிஸ் பணத்தில் ஒரு பகுதி, வீட்டின் மதிப்பை வைத்து வாங்கும் உள்ளூர் வரியான கவுன்சில் டாக்ஸில் இருந்து வருகிறது. விலை கூடிய வீடுகள் நிறைந்த சரே பகுதியின் படைக்கு, 2010க்கும் 2018க்கும் இடையில் மொத்தத்தில் 11 வீதம்தான் குறைந்தது. மத்திய அரசின் பணத்தையே பெரும்பாலும் நம்பியிருந்த, வடகிழக்கு இங்கிலாந்தின் நோர்தம்பிரியாப் படைக்கு 25 வீதம். எங்கே தேவை கூடவோ அங்கேதான் வெட்டும் கூட.

இப்போது தனியார் காவலாளி விஷயம். இதில் ஒரு நல்ல சான்று லண்டனிலேயே இருக்கிறது. 2005 ஜூலை 7 குண்டுவெடிப்புகளில் 52 பேர் இறந்தபின், மத்திய லண்டனின் ஐந்து பறோக்களில் ஏறத்தாழ ஆறு கிழமைக்குப் பொலிஸைக் குவித்தார்கள். அங்கே பொலிஸ் வேலை நேரம் மூன்றில் ஒரு பங்கு கூடியது. அதைப் பொருளியல் ஆய்வாளர்கள் பின்னர் கணக்குப் பார்த்தார்கள். குற்றம் குண்டுவெடிப்பால் கூடவில்லை, குறைந்தது. பத்து வீதம் பொலிஸ் கூடினால் மூன்று முதல் நான்கு வீதம் குற்றம் குறைகிறது என்று விடை வந்தது. பொலிஸ் திரும்பிப் போனதும் குற்றமும் பழைய நிலைக்கு வந்தது. பொலிஸ் எண்ணிக்கைக்குப் பலன் உண்டு என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடச் சுத்தமான சான்று குறைவு. ஆனால் அதே ஆய்வில் குறைந்தவை வீதிக் களவும் வழிப்பறியும் அடிதடியும்தான். வீடு உடைப்பு அசையவில்லை. வீதியில் நிற்பவரின் கண்ணுக்கு உங்கள் பின்வளவு தெரியாதல்லவா.

உங்கள் வீதிக் காவலாளிக்கும் அதே கதைதான். அவர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும், அதை முதலில் பாருங்கள். ஆனால் கைது செய்ய உங்களுக்கும் எனக்கும் இருக்கும் அதிகாரத்துக்கு மேல் அவருக்கு ஒன்றும் இல்லை. மாதாமாதம் அவருக்குக் கொடுக்கும் காசைப் பின்பக்க யன்னலில் போடுங்கள் என்பதே என் ஆலோசனை. குற்றக் கணக்கெடுப்புத் தரவை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, யன்னல் பூட்டு, நேரம் வைத்து உள்ளே எரியும் விளக்கு, கதவுக்கு இரட்டைப் பூட்டு, ஆள் வந்தால் எரியும் வெளிவிளக்கு ஆகிய நான்கும் சேர்ந்திருக்கும் வீடுகள்தான் நன்றாகத் தப்பின என்று கண்டது. அலாரம் மட்டும் வைப்பது அவ்வளவு பலன் தரவில்லை. உங்கள் வீட்டில் முக்கியமான நேரம் புரட்டாதி முதல் கார்த்திகை வரை. தீபாவளிக்கும் நவராத்திரிக்கும் முன் ஆசிய வீடுகளின் தங்கம் பற்றி லண்டன் பொலிஸ் ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. நாங்கள் எல்லோரும் எப்போது கோயிலில் இருப்போம் என்று சொல்லும் நாட்காட்டி கள்ளனிடமும் இருக்கிறது. கலியாண வீட்டுப் படத்தை அன்றே முகநூலில் போடுவதையும் நிறுத்துங்கள்.

மீதமிருக்கும் நகைகள் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, நிறையுடன் எழுதிவையுங்கள். வீட்டுக் காப்புறுதியில் ஒரு தனிப் பொருளுக்கு உச்சத்தொகை இருக்கும், பெரும்பாலான தாலிக்கொடிகள் அதைத் தாண்டும். தனியாகப் பெயர் குறித்துச் சேர்க்காவிட்டால் முழுக் காசும் வராது. தினமும் போடாததை வங்கிப் பெட்டகத்திலோ பாதுகாப்பு வைப்பு நிலையத்திலோ வைப்பது நல்லது.

மூடிய கோப்புக்கு வருவோம். மூடியாச்சு என்றால் முடிஞ்சுது என்று அர்த்தம் இல்லை. புதுச் சான்று வந்தால் திறக்க வேண்டும். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களின் உரிமைகளைச் சொல்லும் பாதிக்கப்பட்டோர் கோவையின்படி, ஏன் நிறுத்தினார்கள் என்ற விளக்கத்தைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. எல்லா வீடு உடைப்புக்கும் நேரில் போவதாக 2022 ஒக்டோபரில் இங்கிலாந்து, வேல்ஸ் பொலிஸ் படைகள் அனைத்தும் ஒப்புக்கொண்டன, 2023 இல் நியாயமான எல்லாத் தடயங்களையும் பின்தொடர்வதாகவும் சொன்னார்கள். இதைக் குறிப்பிட்டு, குற்ற எண்ணைப் போட்டு, கோபம் இல்லாமல் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: யன்னலில் கைரேகை எடுத்தார்களா, எந்தெந்த வீட்டுக் கமராப் பதிவைக் கேட்டார்கள், நகைப் படங்கள் கோப்பில் சேர்ந்தனவா என்று. பக்கத்து வீடுகளின் கதவுமணிக் கமராப் பதிவுகள் சில கிழமைகளில் தானாக அழிந்துவிடும், அதை இன்றைக்கே போய்க் கேளுங்கள். இணையத்தில் உங்கள் நகை விற்பனைக்கு வந்தால் நீங்களே வாங்கப் போவதாக நடித்துச் சந்திக்கப் போகாதீர்கள், இணைப்பைப் பொலிஸுக்கு அனுப்புங்கள். ஒன்றை நேராகச் சொல்கிறேன், நகை திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையை நான் தரமாட்டேன். தங்கத்தை ஓரிரு நாளில் உருக்கிவிடுவார்கள்.

வாட்ஸ்அப் குழுவின் கோபத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. லண்டனில் பறோவின் உட்பிரிவான ஒவ்வொரு வோர்டுக்கும் அயல்பகுதிப் பொலிஸ் குழு ஒன்றும், அந்தக் குழு எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று சொல்லும் குடிமக்கள் குழு ஒன்றும் உண்டு. வோர்ட் பனல் என்பார்கள். அதில் பெரும்பாலும் ஓய்வுபெற்ற சிலர்தான் இருப்பார்கள், தமிழ் முகம் அரிது. உங்கள் வீதியில் இருந்து இருவர் போய்ப் பின்பக்கத்தால் வீடு உடைப்பதை அந்தப் பட்டியலில் ஏற்றச் சொல்லுங்கள். பணமும் ஆளும் குறைந்த நேரத்தில், கேட்கிற இடத்துக்குத்தான் மீதி இருப்பது போகும். கவுண்டர் மூடுவதற்கு எதிராக எழுதுவதானால் லண்டன் நகரபிதாவின் பொலிஸ் அலுவலகத்துக்கு எழுதுங்கள். பொலிஸ் நிலையத்தில் இருக்கும் சார்ஜன்ட்டால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

கடைசியாக உங்கள் அவர். லண்டனை விட்டுப் போனால் களவு இல்லை என்று இல்லை. பணவெட்டும் லண்டனுக்கு மட்டும் உரியது அல்ல. போக நினைக்கும் ஊரின் தபால் குறியீட்டைப் பொலிஸ் டொட் யூகே தளத்தில் போட்டால் வீதிவாரியாக மாதாந்தக் குற்றங்கள் தெரியும். ஒரு மாதத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், ஒன்றிரண்டு ஆண்டுகளைப் பாருங்கள். உங்கள் வீதியையும் அதே மாதிரிப் பார்த்து இரண்டையும் அவருக்கு முன்னால் வையுங்கள். யன்னலையும் திருத்தி, இதையும் பார்த்த பிறகும் போகத்தான் வேண்டும் என்று நின்றால் அது உங்கள் குடும்பத்து விஷயம், அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.